யாழ்ப்பாணத்தில் வீட்டு நீச்சல் தடாகம்: இறைக்காமல் பராமரிப்பதும், வேலைக்கு ஏற்ற ஆளைப் பிடிப்பதும்

கேள்வி சுருக்கமாக இதுதான். கனடாவில் இருக்கும் ஒருவர் அரியாலையில் உள்ள குடும்ப வீட்டில் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழத்தில் ஒரு தடாகம் கட்டியிருக்கிறார். ஆடி, ஆவணியில் ஒரு மாதமும் மார்கழியில் சில வாரமும்தான் குடும்பம் வந்து நிற்கும். மற்ற நாட்களில் திறப்பு சித்தப்பாவிடம். வரும்போதெல்லாம் தண்ணீர் பச்சை. கூப்பிடுகிற ஆட்கள் எல்லாரும் முழுவதையும் இறைத்து, உரஞ்சிக் கழுவி, புதுத் தண்ணீர் விடுகிறார்கள். இது சரியா, நம்பிக்கையான ஆளை எப்படிப் பிடிப்பது, உப்பு முறைக்கு (தண்ணீரில் கரைத்த உப்பிலிருந்து குளோரின் செய்யும் இயந்திரம்) மாறினால் வேலை குறையுமா என்று கேட்கிறார்.

முதலில் இறைப்பதை நிறுத்துங்கள். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்க்கலாம். இது ஒன்றுதான் தடாகத்தையே உடைக்கக்கூடியது.

அந்த ஆட்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் கிணறு பழுதானால் கலக்கி இறைப்பதுதான் வழக்கம். ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் தானாக வந்து நிறையும். அந்தப் பழக்கத்தைத் தடாகத்துக்கும் கொண்டு வருகிறார்கள். ஆனால் கிணற்றுக்குள் தண்ணீர் வந்து போக வழி இருக்கிறது. தடாகம் மண்ணுக்குள் புதைத்த, நீர் புகாத ஒரு தொட்டி. உள்ளே தண்ணீர் நிற்கும்வரை அதன் பாரம் தொட்டியைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். மாரியில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது உள்ளே உள்ளதை இறைத்தால், வெளியே உள்ள தண்ணீர் அடித்தளத்தை மேலே தள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிலத்தடி நீர் தடாகத்தின் அடியைவிட 1 மீற்றர் மேலே நின்றால் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 1 தொன் தள்ளும். உங்கள் தடாகத்தின் பரப்பு 32 சதுர மீற்றர், ஆகவே மொத்தம் 32 தொன். 20 சென்ரிமீற்றர் தடிப்புள்ள கொங்கிறீற்று அடித்தளம் சதுர மீற்றருக்கு அரைத் தொன் அளவில்தான் பாரம். மிச்சத்தைச் சுவர்கள்தான் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாத இடத்தில் அடித்தளம் வெடிக்கும், ரைல்ஸ் கிளம்பும், குழாய் பொருத்து விடும். சில தடாகங்களின் அடியில் இந்த அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைத்திருப்பார்கள். கட்டினவரிடம் உங்களுடையதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் அதை மட்டும் நம்பி இறைக்க வேண்டாம்.

நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. வளவுக்குள் கிணறு இருக்கிறது. கிணற்று நீர்மட்டம் நிலத்திலிருந்து எவ்வளவு கீழே என்று ஒரு கயிற்றால் அளந்து, தடாகத்தின் அடி ஆழத்தோடு ஒப்பிட்டால் போதும். உரும்பிராய், கோண்டாவில் பக்கம் மேட்டுச் செம்பாட்டில் கிணறு ஆழம், ஆபத்துக் குறைவு. அரியாலை போல கடலேரிக்குக் கிட்டவுள்ள தாழ்வான இடங்களில் மழை விழுந்த கையோடு தண்ணீர் மேலே வந்துவிடும். உங்களைப் போன்றவர்கள் ஐப்பசி தொடங்கித் தை முடியும்வரை இறைப்பது என்ற பேச்சையே எடுக்கக்கூடாது.

அப்படியென்றால் கோடையில் இறைக்கலாமா? கட்டடத்துக்கு ஆபத்துக் குறைவு, கிணற்றுக்குத்தான் ஆபத்து. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் இறங்கி, கடல் நீருக்கு மேலே மிதக்கும் ஒரு நன்னீர்ப் படையைத்தான் நாங்கள் எல்லாரும் பங்கு போட்டுக் குடிக்கிறோம். உங்கள் தடாகம் கிட்டத்தட்ட 45,000 லீற்றர். அதைத் திரும்ப நிரப்ப ஆவணியில் மோட்டரைப் போட்டு, கிணற்றிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவையும் எடுத்தால் கீழே உள்ள உவர்நீர் மேலே இழுபடும். உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் கிணறும் உவர்க்கலாம். ஊரில் இல்லாத ஒருவரின் தடாகத்துக்காக அயல்சனம் குடிநீரை இழப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

தண்ணீரை ஓரளவு மாற்ற வேண்டி வந்தால் அதற்கு ஒரு நல்ல காலம் இருக்கிறது: புரட்டாசிக் கடைசி. நிலத்தடி நீர் மிகக் கீழே நிற்கும், மழை வரப்போகிறது. மூன்றில் ஒரு பங்கை, அதாவது அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாக இறக்கிவிட்டு, மழையால் நிறைய விடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் விழும். பெரும்பாலான வருடங்களில் கிணற்றிலிருந்து ஒரு வாளியும் எடுக்காமல் நிரம்பிவிடும். மழைநீர் மென்மையானது என்பதால் கோடை முழுக்கச் சேர்ந்த சுண்ணாம்பும் ஐதாகும். மட்டம் இறங்கி நிற்கிற நாட்களில் பம்ப் மேல்வாயால் (சுவரில் நீர்மட்டத்தில் உள்ள உறிஞ்சு வாய்) காற்றை இழுக்காதபடி, அடிவாய் வால்வை மட்டும் திறந்து ஓட்ட வேண்டும்.

இனிப் பச்சைத் தண்ணீர். அது அழுக்கு அல்ல, பாசி. தண்ணீரில் வேலை செய்ய மிச்சமிருக்கும் குளோரின் 1 பி.பி.எம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இறங்கி, வெயிலும் அடித்தால் எங்கள் சூட்டில் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அதைக் கொல்ல இறைக்கத் தேவையில்லை. பி.எச்சை (தண்ணீரின் அமில, கார அளவு) 7.2 அளவுக்கு இறக்கி, சுவரையும் அடியையும் தூரிகையால் நன்றாக உரஞ்சி, பொழுது சாய்ந்த பிறகு குளோரினை 10 பி.பி.எம் வரை ஏற்ற வேண்டும். உங்கள் கொள்ளளவுக்கு 65 வீதக் கல்சியம் ஹைப்போகுளோரைற்று என்றால் ஏறத்தாழ 700 கிராம். பம்பை இரவு பகலாக ஓடவிட்டு, பில்டரை அடிக்கடி பின்கழுவி (தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டு அழுக்கை வெளியேற்றி), குளோரின் இறங்க இறங்கத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தால் பச்சை போய்ச் சாம்பலாகி, பிறகு தெளியும். மோசமான தண்ணீர் என்றாலும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடியும். பகலில் போடக்கூடாது, ஏனென்றால் சயனூரிக் அமிலம் (குளோரினை வெயிலிலிருந்து காக்கும் மருந்து) இல்லாத தண்ணீரில் மத்தியான வெயில் சில மணி நேரத்தில் குளோரினை அனேகமாக முழுவதும் தின்றுவிடும்.

துருசு (செப்புச் சல்பேற்று) போடுவோம் என்று யாராவது சொன்னால் மறித்துவிடுங்கள். எங்கள் கடினத் தண்ணீரில் அந்தச் செம்பு ரைல்ஸ் இடுக்குகளில் நீலக் கறையாகப் படிந்துவிடும், எடுக்கவே இயலாது. சீனக்காரம் போடுவதில் தவறில்லை. ஆனால் அடியில் படிந்ததை மணல் பில்டருக்குள் விடாமல் நேரே வெளியே உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் கட்டிபட்டுவிடும்.

ஊரில் லேசாகக் கிடைப்பது ரி.சி.எல். பவுடர். கிணற்றுக்குப் போட எல்லாருக்கும் தெரியும். அவசரத்துக்குப் பாவிக்கலாம். அதன் பலம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, மிச்சம் பெரும்பாலும் சுண்ணாம்பு. வாளியில் கரைத்து, அடங்க விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். வீட்டுக் கேத்தலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சுண்ணாம்பு ஏற்கெனவே தண்ணீரில் நிறைய இருக்கிறது. சோளகம் அடிக்கிற மாதங்களில் ஒரு நாளில் 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகும், உங்கள் பரப்பில் 160 முதல் 190 லீற்றர். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பு உள்ளேயே நின்றுவிடும். அந்த இழப்பை நிரப்பக் கிணற்றுத் தண்ணீர் விடும்போது இன்னும் சேரும். ஆகவே எங்கள் ஊரில் பி.எச்சை 7.2க்கும் 7.4க்கும் இடையில் வைத்திருப்பது நல்லது. 8க்கு ஏறினால் சுண்ணாம்பும் படியும், குளோரினின் வலுவும் கால்வாசிக்கும் குறைவாகிவிடும்.

மிதவைக்குள் போடும் வில்லைகளையும் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருப்பவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த வில்லையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. 30 முதல் 50 பி.பி.எம் வரை அது குளோரினை வெயிலிலிருந்து காக்கும். ஆனால் தானாகக் குறையாது, வில்லை கரையக் கரைய ஏறிக்கொண்டே போகும். 100ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. பரிசோதனையில் குளோரின் நன்றாகக் காட்டும், தண்ணீரோ பச்சையாக இருக்கும். உங்கள் தடாகத்தில் இது நடந்திருக்கலாம். சோதித்துப் பார்த்து, கூடியிருந்தால் மேலே சொன்ன புரட்டாசி வழிதான் மருந்து.

இப்போது ஆள் விடயம். நீங்கள் தேடுவது எல்லா வேலையும் தெரிந்த ஒருவரை. அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நான் நம்பவில்லை, தேடவும் வேண்டாம். உங்களுக்குத் தேவை வாரத்தில் இரண்டு முறை வந்து, அளந்து, எழுதி வைக்கும் ஒரு பொறுப்பான ஆள். அவர் மேசனாகவோ பிளம்பராகவோ இருக்க வேண்டியதில்லை. மோட்டர் சைக்கிளில் வந்துபோகக்கூடிய, எழுத வாசிக்கச் சோம்பல்படாத, அக்கம்பக்கத்துப் பொடியன் ஒருவரோ, ஓய்வுபெற்ற ஒருவரோ போதும். பாசி வந்த பிறகு பெரிய பட்டாளத்தைக் கூப்பிடும் செலவு, ஒருவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகக் கொடுப்பதைவிடக் கூடத்தான் வரும்.

மேசன், பிளம்பர், எலெக்ரீசியன் மூவரையும் அவரவர் வேலைக்கு மட்டும் கூப்பிடுங்கள். ஆள் விசாரிக்க நல்ல இடம் கட்டடச் சாமான் கடை. எந்த பாஸ் ஒழுங்காகச் சாமான் எடுக்கிறார், யார் மலிவான குழாயைக் கேட்டு நிற்கிறார், யாருடைய வேலை திரும்பத் திரும்பப் பழுதாகி வருகிறது என்பது கடைக்காரருக்குத் தெரியும். அதற்கு அடுத்தது, விடுதிகளில் தடாகம் பார்க்கும் ஆட்கள். வேலை முடிந்த நேரத்தில் வெளியில் செய்ய விரும்புவார்கள், வால்வு, பில்டர் எல்லாம் கைப்பழக்கம். எலெக்ரீசியன் என்றால் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கிளிநொச்சி அறிவியல்நகர் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்திலும் படித்து வெளியே வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பது ஊருக்கும் நல்லது.

ஆளைப் பிடிக்கும்போது தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள். "தண்ணி பச்சையாப் போனா என்ன செய்வீங்கள்?" என்று கேட்டு, "முழுக்க இறைச்சுப்போட்டு உரஞ்சி விடுவம்" என்று பதில் வந்தால், ஆள் நல்லவராக இருந்தாலும் தடாகம் தெரியாதவர். "மோட்டர் ஓடேக்க பில்டர் கைபிடியைத் திருப்பலாமோ?" என்பது இரண்டாவது. நிறுத்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உள்ள வாசர் கிழிந்து, பிறகு தண்ணீர் வடிபடாமலே தடாகத்துக்குத் திரும்பும். மூன்றாவது மிக முக்கியம்: "அசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியிலை கலக்கலாமோ?" கலந்தால் நச்சு வாயு கிளம்பும். வில்லையையும் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் தீப்பற்றும். இதற்குப் பிழையான பதில் சொல்பவர் கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் திறப்பைக் கொடுக்காதீர்கள். தடாகம் போனால் கட்டலாம், அந்தப் பொடியனின் நுரையீரல் போனால் திருப்பித் தர முடியாது. கையுறை, கண்ணாடி, மூடிய சப்பாத்து மூன்றையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். மருந்தைத் தண்ணீருக்குள் போடுவது, மருந்துக்குமேல் தண்ணீரை ஊற்றாமலிருப்பது என்பதைப் பம்ப் அறைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

திருத்தவேலையைக் கொந்தராத்தாகக் கொடுப்பதா, நாள்கூலியா என்றால், எல்லை தெளிவான வேலைக்குக் கொந்தராத்து நல்லது: பம்ப் மாற்றுவது, மணல் மாற்றுவது, ரைல்ஸ் இடுக்கு பூசுவது. கசிவு தேடுவதற்கு நாள்கூலி கொடுங்கள். கொந்தராத்தில் கசிவு தேடினால் கண்ட முதல் வெடிப்பைப் பூசிவிட்டுப் போவார்கள். அதற்கும் முன்னால் கசிவு உண்டா என்றே பாருங்கள். தடாகப் படியில் ஒரு வாளி வைத்து, வெளி மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி, பம்பை நிறுத்தி, ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது ஆவியானது. தடாகம் கூட இறங்கியிருந்தால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். சாமானை நீங்களே கடையில் வாங்கி, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் மனக்கசப்பு வராது. கடைசிப் பத்து வீதத்தை, தண்ணீர் நிறைந்து பம்ப் ஒரு வாரம் ஓடியபிறகு தருவதாக முதலிலேயே பேசிவிடுங்கள். பிறகு பிடித்து வைத்தால் அது சண்டை, முன்னே பேசினால் அது ஒப்பந்தம்.

சித்தப்பாவைப் பற்றி: அவர் வேலைகாரரைக் கண்காணிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளாதீர்கள். ஆள் வந்தால் கேற்றைத் திறந்துவிடுவது அவர் பொறுப்பு. கணக்கும் கேள்வியும் உங்களுடையது. சம்பளமும் நேரே வங்கிக்குப் போகட்டும். சொந்தக்காரர் கையால் கூலி போகிற இடத்தில் உறவு, வேலை இரண்டும் பழுதாவதை நிறையக் கண்டிருக்கிறேன்.

வேலை நடந்ததா என்று தெரிய, பம்ப் அறையில் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, பி.எச், குளோரின், பில்டர் அமுக்கமானி காட்டும் எண், என்ன மருந்து எவ்வளவு போட்டார். அந்தப் பக்கத்தையும் சோதனைக் குழாயின் நிறத்தையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப ஐந்து நிமிடம் போதும். குளோரின் 1 முதல் 3க்குள் நிற்க வேண்டும். அமுக்கம், கழுவின நாளில் இருந்ததைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் பின்கழுவ வேண்டும். அதற்கு முன்னால் தேவையில்லாமல் கழுவுவது தண்ணீரை வீணாக்கும். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ கொட்டும்போது மேல்வாய்க் கூடையைத் தினமும் வழிக்க வேண்டியிருக்கும், அந்த மாதங்களுக்கு ஒரு நாள் கூடுதலாக வரச் சொல்லுங்கள். படம் வராத வாரம் கோபிக்காமல் எடுத்துக் கேளுங்கள், "தம்பி, சுகமோ, ஏன் வரேல்லை?" என்று. காய்ச்சலாகவோ வீட்டில் ஒரு செத்தவீடாகவோ இருக்கலாம். அப்படிக் கேட்கிற ஆளுக்குத்தான் ஊரில் நல்ல வேலைகாரர் தங்குவார்கள்.

பின்கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்று கட்டாயம் பாருங்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி விடுவது வழக்கம். சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் வடிபடாமலே கிணற்றுக்குப் போய்விடும். கிணற்றிலிருந்து எட்ட, வளவின் மறுபக்கம் பரவலாக விடுங்கள். முடிந்தால் குளோரின் இறங்கியிருக்கும் நேரத்தில் கழுவச் சொல்லுங்கள்.

மின்சாரத்தில் சமரசம் கிடையாது. பம்புக்குத் தனியான 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச், சரியான ஏர்த், தண்ணீருக்குள் உள்ள விளக்கு 12 வோல்ற்றுக்கு மேற்படாமல். ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அமத்தச் சொல்லுங்கள். ஒரு குதிரைவலுப் பம்ப் ஆறு மணி நேரம் ஓடினால் நாளுக்குக் கிட்டத்தட்ட 6 அலகு. யாரும் குளிக்காத மாதங்களில் நாலு மணி நேரமாகக் குறைக்கலாம், முற்றாக நிறுத்தக்கூடாது. நிறுத்திய தடாகத்தில் ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பு பெருகும். மாரியில் டெங்கு ஏறுகிற இந்த மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் வழக்குப் போகும், அது நியாயமும்கூட. தடாகத்தைச் சுற்றி 1.2 மீற்றருக்குக் குறையாத வேலியும் தானே சாத்திக்கொள்ளும் படலையும் போடுங்கள். ஆட்கள் இல்லாத வளவுக்குள் மாங்காய்க்கு மதிலேறி வரும் பிள்ளைகளுக்காகத்தான் சொல்கிறேன்.

உப்பு முறை வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. அந்த இயந்திரம் லீற்றருக்கு 3 கிராமுக்கு மேல் உப்புக் கேட்கும். உங்கள் 45,000 லீற்றருக்கு 135 கிலோவுக்கும் கூட. மாரியில் தடாகம் நிரம்பி வழியும்போதும் ஒவ்வொரு பின்கழுவலிலும் அந்த உப்பு நிலத்துக்குள் போகும், பிறகு திரும்ப மூட்டை மூட்டையாகப் போட வேண்டும். ஏற்கெனவே உவருக்குப் பயந்து வாழும் அரியாலைக் கிணறுகளுக்கு நடுவில் இதைச் செய்யக்கூடாது. தவிர, கடின நீரில் அந்த இயந்திரத்தின் தகட்டில் சுண்ணாம்பு படிந்து அடிக்கடி அசிட்டில் கழுவ வேண்டி வரும், ஆகவே வேலையும் குறையாது.

இந்த வருடத்துக்கு ஒழுங்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆளை இப்போதே பிடித்து, நீங்கள் வருவதற்கு மூன்று வாரம் முன்னர் பச்சையை எடுக்கும் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். வந்து நிற்கும் மாதத்தில் நீங்களே அவரோடு நின்று பில்டர் கைபிடி, சோதனைப் பெட்டி, கொப்பி மூன்றையும் பழக்குங்கள். திரும்புவதற்கு முன் சயனூரிக் அமிலத்தையும் கல்சியத்தையும் அளந்து குறித்துவிடுங்கள். புரட்டாசியில் எவ்வளவு இறக்குவது என்பதை அந்த எண்களைப் பார்த்து முடிவு செய்யலாம்.